கட்டப் பணம் உண்டு. திட்டமிடப் பணம் இல்லை

நிலைத்த வளர்ச்சி என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வழியாகத்தான். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. இன்று நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். தீர்ப்பு பிறந்த மண்ணின் கதை வேறு. 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசு அதே நீதிமன்றத்தின் முன் மீண்டும் வந்து நின்றது. இழப்பீட்டுக்கும் ஆற்றை மீட்பதற்கும் புதிதாக உத்தரவிட வேண்டியிருந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பணம் செலவாகாமல் இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சாலைகள் அகலமாயின, குடிநீர்த் திட்டங்கள் வந்தன. ஆனால் வாணியம்பாடி முதல் வாலாஜாபேட்டை வரையிலான படுகையை ஒரே நிலப்பரப்பாகப் பார்த்து, தொழிற்சாலை எங்கே வரலாம், எங்கே கூடாது, எந்த ஊரின் சாக்கடை எந்த ஊரின் கிணற்றில் போய்ச் சேரும் என்று ஆண்டு முழுவதும் கணக்குப் பார்க்கும் அலுவலகம் என்று ஒன்று உருவாகவில்லை. சாலைக்கு நிதி கேட்கலாம், தொட்டிக்கு நிதி கேட்கலாம். இப்படியொரு அலுவலகத்துக்குக் கேட்பதற்கு மாநில பட்ஜெட்டில் தலைப்பே கிடையாது.

பாலாறு தமிழ்நாட்டுக்குள் வந்ததும் வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், மேல்விஷாரம், ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டே கிழக்கே போகிறது. இவற்றில் மாநகராட்சி உண்டு, நகராட்சிகள் உண்டு, பேரூராட்சி உண்டு, நடுவே ஊராட்சிகள். ஆற்காடும் ராணிப்பேட்டையும் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே இருக்கின்றன. ஆனால் மன்றங்கள் இரண்டு, ஆணையர்கள் இருவர், பட்ஜெட்டும் இரண்டு. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால் ஆட்சியர் அலுவலகம் மக்களுக்குப் பக்கத்தில் வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே ஒரே படுகை திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டை என்று மூன்று நிர்வாகங்களுக்குப் பங்கு போடப்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் மாவட்டத்துக்கு ஒரு திட்டக் குழு வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் பெரும்பாலும் பெயரளவில் இருப்பவை. ஒழுங்காகக் கூடினாலும் இனி ஒவ்வொன்றின் பார்வைக்கும் எட்டுவது ஆற்றின் ஒரு துண்டுதான்.

சிறு நகரங்களுக்கு அரசுகள் பணமே தருவதில்லை என்று சொன்னால் அது பொய். சிறு, நடுத்தர நகரங்களின் ஒருங்கிணைந்த வளர்ச்சி என்ற பெயரில் 1979-இலேயே மத்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2005-இல் ஜவஹர்லால் நேரு பெயரிலான நகர்ப்புறப் புத்தாக்க இயக்கம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது; 2015-இல் அம்ருத் வந்தது. பெயர்களில் ஒருங்கிணைப்பும் புத்தாக்கமும் இருந்தாலும் ஊரில் மிஞ்சியவை பேருந்து நிலையம், வணிக வளாகம், மேல்நிலைத் தொட்டி, வடிகால். எல்லாமே தேவையானவைதாம். எதற்கு அடுத்து எது, எந்த இடத்தில், பக்கத்து ஊருக்கு அதனால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்குத்தான் பணம் ஒதுக்கப்படவில்லை. 15-ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் 4,36,361 கோடி ரூபாய். அதில் உள்ளாட்சிகள் பகிர்ந்துகொள்ளும் நகராட்சிச் சேவைகளுக்கு என்று தனியாக வைத்தது 450 கோடி. நூறு ரூபாய்க்குப் பத்துக் காசு. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டே வந்தது. மீதி 40 சதவீதத்தில் நகரமைப்பு வல்லுநர் ஒருவரை வேலைக்கு வைக்க எந்தப் பேரூராட்சி மன்றமும் தீர்மானம் போடாது. சம்பளம் கொடுக்கக்கூடாது, தெருவிளக்கு எரியவில்லை, அடுத்த தேர்தல் வருகிறது என்று ஆயிரம் காரணங்கள் இருக்கும்.

மத்திய அரசு 2023-24-இல் நகரத் திட்டமிடல் சீர்திருத்தங்களுக்காக மாநிலங்களுக்கு 15,000 கோடி ரூபாயை ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடனாக அறிவித்தது. கட்டட விதிகளைத் திருத்துவது, நிலத் தொகுப்புத் திட்டங்கள் கொண்டுவருவது, தகுதியுள்ள திட்டமிடுவோரை வேலைக்கு எடுப்பது போன்றவற்றைச் செய்யும் மாநிலங்களுக்கு இந்தக் கடன். நல்ல நோக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் இது மூலதன முதலீட்டுக்கான உதவி. அதாவது, திட்டமிடுவதற்கு ஒப்புக்கொண்டதற்குக் கிடைக்கும் பரிசையும் கட்டுமானத்தில்தான் போட வேண்டும். திட்டமிடுபவரின் சம்பளம் மூலதனச் செலவில் சேராது. நம்முடைய நிதி நிர்வாகத்தில் கல்லும் கம்பியும் முதலீடு, மூளை வெறும் செலவு.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட நகரத் திட்டமிடல் அறிக்கையின்படி, நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் கிட்டத்தட்ட 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே கிடையாது. மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கு மேற்பட்ட திட்டமிடுவோர் தேவை; அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 3,945, அவற்றிலும் 42 சதவீதம் காலி. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலத்துக்கு இது மற்றவர்களைவிட அதிகம் உறைக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் நகர்ப்புற மக்கள் 31 சதவீதம். தமிழ்நாட்டில் 48 சதவீதம். அதுவும் ஒரே பெருநகரில் குவிந்த கூட்டம் அல்ல. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. அம்ருத் திட்டம் 500 நகரங்களுக்குப் புவித்தகவல் அடிப்படையில் முழுமைத் திட்டம் தயாரிக்கப் பணம் கொடுத்தது உண்மை. இரண்டாம் கட்டத்தில் 50,000 மக்கள்தொகை உள்ள ஊர்கள்வரை இறங்கியதும் உண்மை. நம் பேரூராட்சிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கும் கீழே இருக்கின்றன. பெரிய ஊர்களின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. கோவையின் முழுமைத் திட்டம் 1994-இல் ஒப்புதல் பெற்றது. அடுத்ததன் வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024-இல். அந்த முப்பது ஆண்டுகளில் கோவை எவ்வளவு மாறியது என்று சொல்லத் தேவையில்லை.

நகர் ஊரமைப்பு இயக்ககத்தைப் பொதுமக்களில் பாதிப் பேர் ஒரு முத்திரையாகத்தான் அறிவார்கள்: மனை விளம்பரத்தில் வரும் 'டிடிசிபி அப்ரூவ்டு'. அந்த முத்திரைகூட இல்லாத மனைகள் எவ்வளவு விற்றிருந்தன என்பது, 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோது தெரிந்தது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின, வாங்கியவர்கள் பதறினார்கள். 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் கொடுக்கத் தொடங்கியது. வேறு வழியும் இருக்கவில்லை. வாங்கியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். பிள்ளைகளுக்கென்று சேர்த்த பணத்தில் இரண்டு சென்ட் வாங்கியவர்கள். ஆனால் ஓடைமேல் போட்ட மனைப்பிரிவும், பூங்காவுக்கு இடமே விடாத மனைப்பிரிவும், பன்னிரண்டடிச் சந்தும் அப்படியே நிலைத்துவிட்டன. முன்கூட்டி ஒரு வரைபடம் போடச் செலவழிக்காத அரசு, பின்னால் வந்து நிலைமையை ஏற்றுக்கொள்ள மட்டும் கட்டணம் வாங்கியது.

ஆகவே என் வாதம் இதுதான். மாநில அரசு தன் பட்ஜெட்டில், சிறு நகரங்களின் கூட்டுத் திட்டமிடலுக்கென்று சிறியதாக, ஆனால் ஆண்டுதோறும் தவறாத ஒரு நிதியை வைக்க வேண்டும். அந்த நிதி ஒரு தனி ஊருக்குப் போகக் கூடாது. ஒரே ஆற்றையோ ஒரே வேலைச் சந்தையையோ பகிர்ந்துகொள்ளும் ஏழெட்டு உள்ளாட்சிகள் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்க வேண்டும். அதில் அறிக்கை வாங்கக் கூடாது, ஆட்களை வைத்துக்கொள்ள வேண்டும்: நகரமைப்பு வல்லுநர், புவித்தகவல் தெரிந்தவர், நில அளவையர், நீரியல் தெரிந்த பொறியாளர். நான்கு பேர், ஒரு அலுவலகம், ஒரு வண்டி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 351 நகர, ஊர் உள்ளாட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தனியாகத் திட்டமிடுவோரை வைக்கும் வசதி இல்லை. அங்கே 13 வட்டாரத் திட்ட முகமைகள் உள்ளன. 2006-இல் இயற்றிய சட்டத்தின்படி மாநில அரசு சில மில்லியன் டாலரை இந்த முகமைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அவற்றின் வல்லுநர்கள் சிற்றூர் மன்றங்களுக்கு வேலை செய்து தருகிறார்கள். அந்த நாட்டின் கணக்கில் அது சில்லறைக் காசு.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு உள்ளூரிலேயே சான்று உண்டு. ஊர் எல்லைக்குள் அடங்காத வேலையைச் சேர்ந்து செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற சொல்லை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்த நீர் ராமநாதபுரம் மாவட்டத்துக் குழாயில் வருகிறது. ஒகேனக்கல் நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குப் போகிறது. எந்தப் பேரூராட்சியும் தனக்கென்று ஒரு காவிரி வேண்டும் என்று கேட்கவில்லை. கடன் விஷயத்திலும் இதைச் செய்து பார்த்தோம். 2002-இல் 13 உள்ளாட்சிகளின் குடிநீர், துப்புரவுத் தேவைகளுக்காகத் தொகுப்பு நிதி ஒன்றின் மூலம் சுமார் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிடப்பட்டது. தனித்தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் அந்த ஊர்களை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மாநிலம் ஒரு ஏற்பாட்டைச் செய்ததும் சேர்ந்து கடன் வாங்க முடிந்தது. உள்ளே வரும் நீரைச் சேர்ந்து கொண்டுவரத் தெரிந்த நமக்கு, வெளியே போகும் கழிவையும் பரவும் மனைகளையும் சேர்ந்து யோசிக்க முடியாது என்பதை ஏற்பதற்கில்லை.

இனி எதிர்ப்புகளைப் பார்க்கலாம். முதலில் எழுவது, சாக்கடைக்கே பணமில்லாத ஊருக்குத் திட்டமிடுபவர் எதற்கு என்ற கேள்வி. 138 நகராட்சிகளையும் 490 பேரூராட்சிகளையும் எட்டெட்டாகச் சேர்த்தால் சுமார் 80 குழுக்கள் வரும். ஒரு குழுவின் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு ஒரு கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்; மொத்தம் 80 கோடி. இதை நொய்யல் ஆற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருப்பூரின் சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே உழவர்களின் எதிரியாக மாறியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு ஏற்றுமதி நகரமே திகைத்து நின்றது. பிறகு சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைக்க மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஒரே ஊரின் ஒரே தொழிலுக்காகக் கொடுத்த அந்தத் தொகையில், மாநிலத்தின் எல்லாச் சிறு நகரங்களுக்கும் இரண்டரை ஆண்டு திட்டமிடுவோரை வைத்திருக்கலாம். நல்ல வல்லுநர் நால்வர் இருந்திருந்தால் நொய்யல் நாறியிருக்காது என்று நான் சொல்லவில்லை. அந்நியச் செலாவணியின் முன் நால்வர் குரல் எடுபட்டிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் கீழே இருந்த பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் வெறுங்கையோடு நீதிமன்றப் படியேறாமல், அளவீடும் வரைபடமும் கையில் வைத்துப் பத்தாண்டு முன்னதாகவே பேசியிருக்க முடியும்.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது: திட்டங்கள் காகிதத்தில் தூங்குகின்றன. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம், விரிவான வளர்ச்சித் திட்டம் என்று மூன்று அடுக்குகள் எழுதப்பட்டுள்ளன. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மண்டலத் திட்டங்கள் தயாரிப்பு நிலையிலேயே இருக்கின்றன. இந்தக் குற்றச்சாட்டை மறுக்க முடியாது. மறுக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் இதன் காரணமே நிதி வரும் விதத்தில் இருக்கிறது. ஒரு முறை பணம் வருகிறது. ஆலோசனை நிறுவனம் ஒன்று டெண்டர் எடுக்கிறது. செயற்கைக்கோள் படத்தின்மேல் நிறம் தீட்டி, முந்நூறு பக்க அறிக்கை கொடுத்துவிட்டு அடுத்த மாநிலத்துக்குப் போகிறது. பேரூராட்சியில் செயல் அலுவலர் இரண்டு ஆண்டில் மாறுகிறார். அறிக்கையில் ஓடை என்று காட்டிய புல எண்ணில் மனைப்பிரிவு விண்ணப்பம் வரும்போது, இது ஓடை என்று சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை. ஆண்டுதோறும் சம்பளம் வாங்கும் நான்கு பேர் இருந்தால் திட்டம் நிறைவேறிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. நிறைவேறாததைக் குறிப்பெழுதவாவது ஆள் இருக்கும்.

அத்தனை வல்லுநர்களுக்கு எங்கே போவது என்ற கேள்வியும் இதையொட்டி வரும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகக் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் நகரமைப்பு படித்தவர்களுக்கு மாநிலத்துக்குள் நிரந்தர வேலை வாய்ப்பு குறைவு. வேலை இருந்தால் படிப்பவர்களும் கூடுவார்கள். கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கித் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தபோது இதே தட்டுப்பாடு வந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் அலுவலர்களையும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களாகத் திரட்டிச் சமாளித்தார்கள். நம் பொதுப்பணித் துறையிலும் குடிநீர் வடிகால் வாரியத்திலும் ஓய்வுபெற்றவர்களுக்கு ஒவ்வொரு வாய்க்காலின் பூர்விகமும் தெரியும்.

மூன்றாவதாக, ரியல் எஸ்டேட். எந்த நிலம் குடியிருப்பு, எது தொழில், எது விவசாயம் என்று வரைபடம் தீர்மானிக்கிறது. ஒரு கோட்டை இந்தப் பக்கம் நகர்த்தினால் ஏக்கருக்குக் கோடிகள் மாறும். எட்டு ஊர்களின் கோடுகளை ஒரே மேசையில் வைத்தால் அந்த மேசையைச் சுற்றித் தரகர்கள் மொய்ப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இந்த ஆபத்துக்கு முழுத் தீர்வு என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. இன்று நில வகைப்பாடு மாற்றங்கள் தனித்தனி விண்ணப்பங்களாக, தனித்தனிக் கோப்புகளாகச் சென்னைக்குப் போய் வருகின்றன. பக்கத்து ஊருக்குத் தெரிவதே இல்லை. குழுவின் ஒவ்வொரு மாற்றத்தையும் புல எண்ணோடு எட்டு ஊர் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்டி, எட்டு மன்றங்களிலும் விவாதித்தால்தான் அடுத்த தவணை நிதி என்று வைத்தால், ஊழலுக்குச் செலவு கூடும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

நான்காவது எதிர்ப்பு உள்ளாட்சித் தன்னுரிமை பற்றியது. இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மாநிலம் பணம் கொடுத்தால் மாநிலம் அதிகாரம் செய்யும். அரசமைப்பின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரியவை என்று அடுக்கிய 18 பணிகளில் முதலாவதே நகரத் திட்டமிடல். அதை உள்ளாட்சிகளிடம் முழுதாக விட மாநிலங்களுக்கு மனமில்லை. ஆனால் பணமும் ஆளும் இல்லாத ஊருக்கு அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் அது ஒப்பந்தக்காரர் கைக்குத்தான் போகும். நிதி விண்ணப்பத்தின் பேரில் வரக் கூடாது, சூத்திரத்தின் பேரில் வர வேண்டும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. அதில் யாரும் அமைச்சரின் தயவுக்குக் காத்திருப்பதில்லை. அதே முறையில் இதையும் கொடுக்கலாம். வல்லுநர்கள் குழுவின் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இயக்ககம் மேற்பார்வை செய்யலாம், இடமாற்றம் செய்யக் கூடாது.

தன்னுரிமை பேசும்போது ஊராட்சிகளை மறந்துவிடுகிறோம். 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 376 ஊர்களைக் கணக்கெடுப்பு நகரங்கள் என்றது. வாழ்க்கை நகரத்தைப் போல, சட்டப்படி கிராமம். இவற்றை என்ன செய்வது என்று அரசுக்குத் தெரிந்த ஒரே விடை, பக்கத்து நகராட்சியோடு இணைப்பது. இணைப்பு அறிவிப்பு வந்த ஊர்களில் எல்லாம் மக்கள் மறியலில் உட்கார்ந்தார்கள்: நூறு நாள் வேலை போய்விடும், சொத்து வரி ஏறும், கிராம சபை இருக்காது. மூன்றுமே நியாயமான அச்சங்கள். ஊரைக் கரைக்காமல் திட்டத்தை மட்டும் சேர்த்துப் போட ஒரு வழி இருந்தால் இந்த மறியல்களில் பாதி நடந்திருக்காது. ஊராட்சித் தலைவர் தலைவராகவே இருப்பார், வரி அவர்கள் மன்றத்தில்தான் தீர்மானமாகும். பொது ஓடையும் குப்பையும் பேருந்துத் தடமும் மட்டும் கூட்டு மேசைக்கு வரும்.

பணத்தின் ஒரு பகுதி ஊர்களிடமிருந்தே வரவும் முடியும். மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி தரும்போது வளர்ச்சிக் கட்டணம் வசூலாகிறது. மாநில அளவில் நகர் ஊரமைப்பு வளர்ச்சி நிதி ஒன்றையும் 1971-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருக்கிறது. எந்த வட்டாரத்தின் வளர்ச்சியால் வந்த கட்டணமோ அதில் ஒரு பங்கு அந்த வட்டாரத்தின் திட்டமிடலுக்கே திரும்பும் என்று விதி செய்தால், வேகமாக வளரும் ஓசூர்ப் பக்கம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். பட்ஜெட் நிதி ராமநாதபுரம், பெரம்பலூர் போன்ற பக்கங்களுக்குப் போதும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்கவும் வேண்டாம். மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து தொடங்கலாம். மண்டலத் திட்டப் பகுதி ஒன்றை மாவட்ட எல்லைகளைக் கடந்து அறிவிக்க அரசுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் இருக்கிறது. சட்டமன்றத்தில் புதிய மசோதா எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை, அடுத்த பட்ஜெட்டில் ஒரு புதிய கணக்குத் தலைப்பைத் திறந்தால் போதும்.